மூச்சுக் காட்டாதேங்கோ

எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு எடுத்துவிடும், வாய் மட்டும் ஓவர்டைம் செய்யும். அப்படித்தான் ஒருநாள் என் கணவரைக் கொல்லப் பார்த்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். கனடாவில், மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பகுதியில், நோயாளிகள் போடும் நீலக் கவுன்களை மடித்து அடுக்குவது என் வேலை. ஒருநாள் அந்தப் பகுதியின் பொறுப்பாளர், கயேத்தான் என்பவர், கூட்டம் வைத்தார். படங்கள் கலங்கலாக வருகின்றன, திருப்பித் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது, தரை துடைப்பவர் வரை எல்லோரும் யோசனை சொல்லுங்கள் என்றார். மஃபின் வேறு தந்தார்கள். (சும்மா தரமாட்டாங்கள் எண்டு அப்பவே விளங்கியிருக்க வேணும்.)

நான் மஃபினைக் கடிக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் ஆட்கள்தான் மூச்சை அடக்காமல் ஆடுகிறார்கள்."

எனக்கு உச்சி கொதித்தது. அந்த 'ஆடுகிற' ஆட்களில் என் கணவர் சூசையும் ஒருவர். ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு முன்னால் நெஞ்சுப் படம் கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் போயும் கலங்கல். மூன்றாம் நாளும் பிழையாய்ப் போனால் ஒப்பரேஷன் திகதி வேறொருவருக்குப் போய்விடும். மனிதர் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்து திரிந்தார்.

"நீங்கள் பிரெஞ்சில் கத்தினால் அவர்களுக்கு எப்படி விளங்கும்? நான் தமிழில் சொல்கிறேன், பாருங்கள்!" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் வெடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் சூசை எக்ஸ்ரே பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், படம் எடுக்கும் லிசெட்டுக்குப் பக்கத்தில், மைக்கோடு. கயேத்தான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோப்பா, மூச்சுக் காட்டாதேங்கோ!"

படம் வந்தது. கலங்கல்.

"ஏனப்பா மூச்சு விட்டனீங்கள்?"

"விடாமல்? வீட்டில ஆக்கள் வந்தால், வாயைப் பொத்தச் சொல்லி நீர் இதைத்தானே சொல்லுறனீர்? பொத்தினனான். ஒரு சொல்லுக் கதைச்சனானோ?"

கயேத்தான் சிரித்தார். விளங்காமலே சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

"மூச்சை உள்ளுக்க இழுத்துப் பிடியுங்கோ! விட்டால் தெரியும்!"

பிடித்தார். படம் பளிங்கு மாதிரி வந்தது. நான் கயேத்தானிடம் திரும்பி, "இப்போது யார் ஆடியது?" என்று தொடங்கினேன். அவருடைய பிரெஞ்சு, அவருடைய சிரிப்பு, அவருடைய காய்ந்த மஃபின் என்று ஒவ்வொன்றாய் எடுத்து வெளுத்துக்கொண்டிருக்க, லிசெட் என் தோளை உலுப்பினாள். உள்ளே சூசை கத்தரிக்காய் நிறத்தில் நின்றார். விடச் சொல்ல நான் மறந்துபோனேன். எனக்குப் பயந்து அவர் விடவுமில்லை!

"ஐயோ, விடு மனுசா, செத்துப்போவாய்!"

மூச்சை விட்ட சூசை தரையில் குந்திவிட்டார். ஆனால் ஒப்பரேஷன் சொன்ன திகதியில் நடந்தது.

கயேத்தான் அடுத்த கூட்டத்தில், தமிழில் சொல்வது தன் யோசனை என்றார் (அறுவான்!). லிசெட்டோ நான் மைக்கில் கத்திய தமிழைக் கேட்டபடியே பிரெஞ்சு எழுத்தில் அட்டையில் எழுதி மைக்குக்கு மேலே ஒட்டிவிட்டாள். எனக்கு அது தெரியாது. ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வர, ஞானம்மா அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார்.

"எடி, ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்காரப் பெட்டை தேன் மாதிரித் தமிழ் கதைக்கிறாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், பிடிச்சனான். பேந்து சிரிச்சுக்கொண்டு, 'ஐயோ, விடு மனுசா, செத்துப்போவாய்' எண்டுறாள்! நான் மனுசனோடி?"

என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே முழுத் தமிழ் வசனமும் அதுதான். பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரி ஊத யார் மூச்சை இழுத்தாலும் எல்லாமாகச் சேர்ந்து கத்துகிறார்கள். சூசைதான் முதலில் கைதட்டுகிறார்.