கடைமடை – 15 நிமிடம்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சாக்பீஸால் கெட்டவன்.

இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் இருப்பவர்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொன்னால் அதில் நான் இன்னும் கொஞ்சம் கூடுதல் முட்டாளாக இருப்பேன். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

அறுபதுகளின் கடைசி. வித்துவான் பட்டம் வாங்கிய கையோடு, தென்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தேன். (ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் இலை போட்டுச் சோறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.) தற்காலிகம் நிரந்தரமாக வேண்டுமானால் ஊராட்சித் தலைவர் வரதப்பன் மேலே ஒரு வார்த்தை எழுத வேண்டும். அவர் எழுதுவதற்கு முன்பே, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க, 'எம் புள்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆயிடிச்சி' என்று என் அம்மா சொல்லி முடித்திருந்தாள். வேலை போனால் எனக்குப் போவது சம்பளம் மட்டும்தான், அம்மாவுக்கு மானமே போய்விடும்.

நாங்கள் பரம்பரையாக விவசாயக் குடும்பம். ஆனால் அப்பா நிலத்தை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்துவிட்டார். அதனால் எனக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். நெற்பயிருக்கும் கோரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

அந்த நாளில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அதற்குப் பெயர் சட்டகம். கட்டுரை எழுதுவதற்கு முன்னால் தலைப்புகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று ஒதுக்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட மடையனும் முழு மதிப்பெண் வாங்கலாம் என்று நம்பினேன். கட்டுரைக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. அம்மாவிடம் இன்னொரு தோசை கேட்பதென்றாலும் மனத்துக்குள் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். (அதற்குள் மாவு தீர்ந்திருக்கும்.)

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சட்டகம் என்றால் என்னவென்று புரியவைக்க, 'பாவு நீட்டாமல் யாராவது தறியில் உட்காருவார்களா?' என்று கேட்டேன். நெய்வதற்கு முன்னால் நீள நூலை இழுத்துக் கட்டுவதுதான் பாவு, நெசவாளர்கள் நிறைந்த எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் புரியும் உவமை. இங்கே ஒரு பிள்ளை கூடத் தறியைப் பார்த்ததில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சரி, அவர்களுக்குத் தெரிந்ததையே எடுப்போம் என்று 'எங்கள் ஊர் ஏரி' என்று தலைப்புக் கொடுத்தேன்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊராட்சி ரேடியோ அறைக்கு வெளியே வேப்ப மரத்தடியில்தான் வகுப்பு. அந்த அறையின் சுவரில் ஓரிடத்தில் கறுப்பு வண்ணம் பூசியிருக்கும். அம்மை குத்துகிறவர்கள் வருகிறார்கள், வீட்டு வரி கட்டுங்கள் என்று ஊராட்சி அறிவிப்பு எழுதுகிற இடம் அது. எனக்கு அதுதான் கரும்பலகை.

இன்னொரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அது மழை பொய்த்த வருஷம். ஏரியில் தண்ணீர் கால்வாசிதான். வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் மேல்மடை நிலங்கள் முதலில் பாயும், பிறகு நடுமடை, கடைசியில் மிச்சம் இருந்தால் கடைமடை. அதுதான் காலகாலமாக வழக்கம். இந்த வருஷம் எந்த மடைக்கு எவ்வளவு நேரம் என்று தலைவர் அதே சுவரில் எழுதிப் போடுவதாகச் சொல்லியிருந்தார். ஊரே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவரோ உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. ஏரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். கடைமடைப் பிள்ளைகள் எழுந்து நின்று சொன்னார்கள், சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நடுமடைப் பிள்ளைகள் கொஞ்சம் சொன்னார்கள். மேல்மடைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் வருகிறவனுக்குச் சொல்ல என்ன இருக்கும்? 'சொல்ல நிறைய இருப்பதை முதலில் வை, நேரத்தையும் அதற்கே அதிகம் கொடு' என்பது என் சித்தாந்தம். அதன்படி அழகான கையெழுத்தில் எழுதினேன்:

எங்கள் ஊர் ஏரி
முன்னுரை – 5 நிமிடம்
கடைமடை – 15 நிமிடம்
நடுமடை – 10 நிமிடம்
மேல்மடை – 5 நிமிடம்
முடிவுரை – 5 நிமிடம்
சரிபார்த்தல் – 5 நிமிடம்

எழுதிவிட்டு நான்கு அடி பின்னால் நின்று பார்த்தேன். அழிக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை இதைப் பார்த்தே பிள்ளைகள் கட்டுரை எழுதட்டும் என்று, கீழே 'அழிக்கக் கூடாது' என்று எழுதிக் கட்டம் போட்டேன். அதோடு விட்டேனா? ஓரத்தில் தேதி போட்டு, சுருக்கொப்பமும் போட்டேன். (அப்போது எனக்குப் புதிதாக ஒரு கையெழுத்துப் பழகியிருந்தது. எங்கே இடம் கிடைத்தாலும் போட்டுவிடுவேன்.) சைக்கிளை மிதித்துக்கொண்டு காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தேன்.

திங்கட்கிழமை காலை ஊர் எல்லையில் நுழையும்போதே ஒரு பெரியவர் சைக்கிளை மறித்தார். கடைமடையில் நிலம் வைத்திருக்கும் சின்னசாமி. கையில் ஒரு சொம்பு மோர். "குடிங்க சார். உங்க புண்ணியம்" என்று கும்பிட்டார். அவர் வீட்டிலிருந்து யாரும் என் வகுப்பில் படிக்கவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். என் சட்டக முறையின் புகழ் ஊருக்குள் பரவிவிட்டது போலிருக்கிறது என்று முடிவுசெய்து மோரைக் குடித்தேன்.

டீக்கடையில் மேல்மடைக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வணக்கம் சொன்னேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் வெற்றிலைச் சாற்றை என் சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், துப்பினார். பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் காத்தவராயன் வந்தார். ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர். தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு, ஓட்டமும் நடையுமாக வந்து மூச்சு வாங்க நின்றார்.

"சார், முடிவுரை எப்படிங்க சார் பண்றது? அது மட்டும் யாருக்கும் வெளங்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. மண்வெட்டியோடு ஒரு உழைப்பாளி ஓடி வந்து முடிவுரையைப் பற்றிக் கேட்கிறார். தமிழ் இனி வாழும் என்று தோன்றியது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னேன்.

"முடிவுரையில புதுசா எதையும் சேர்க்கக் கூடாதுப்பா. முன்னாடி வந்ததையே மறுபடி முதல்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டுக்கிட்டு வரணும்."

"முதல்லேர்ந்துன்னா, கடைமடையிலேர்ந்தா?"

"அதுதானே முதல்ல இருக்குது?"

"மேல்மடைக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்களே சார்."

"நாலு பேர் பேச்சுக்குப் பயந்தா எதையும் முடிக்க முடியாது. தைரியமா முடி" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஏரியைப் பார்த்து ஓடினார். கட்டுரை எழுத ஏன் ஏரிக்குப் போகிறார் என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. இயற்கையைப் பார்த்து எழுதுகிறவர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நடுப்பகலில் தலைவர் வரதப்பன் கல்யாணச் சந்தனம் கலையாமல் ஊருக்குள் வந்தார். வந்ததும் நேராக ரேடியோ அறைக்குத்தான் வந்தார். ஊரும் பின்னால் வந்தது. என் பிள்ளைகளைக் கலைத்துவிட்டு, சுவருக்கு ஒரு பக்கம் மேல்மடையும் மறுபக்கம் கடைமடையும் நின்றன. நடுவில் நான் நின்றேன்.

"இது உன் எழுத்தா தம்பி?"

"ஆமாங்க."

"யாரைக் கேட்டு எழுதினே?"

"யாரையும் கேக்கலைங்க. பசங்க சொன்னாங்க, எழுதினேன்."

மேல்மடைப் பக்கம் எழுந்த சத்தத்தில் வேப்ப மரத்துக் காக்கைகள் பறந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. வழக்கம்போல மனத்துக்குள் ஒரு சட்டகம் போட்டுக்கொண்டு, "மனித வாழ்வுக்கு நீர் எவ்வளவு இன்றியமையாதது என்றால்..." என்று தொடங்கினேன்.

"முன்னுரை வேணாம்பா. ஏரி மதகைத் தொறக்கச் சொல்ல நீ யாரு?" என்றார் தலைவர்.

அப்போதுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரில் எழுத்தைப் பார்த்து, தலைவர் சொல்லிவிட்டுப் போனதைத்தான் சார் எழுதியிருக்கிறார் என்று ஊர் கூடியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு முன்னுரையிலேயே இடித்திருக்கிறது. சின்னசாமி தன் மகள் பூங்காவனத்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தெளிவாகப் படித்து அர்த்தமும் சொல்லியிருக்கிறாள். அதைக் காத்தவராயன் எங்கள் எல்லார் முன்னாலும் ஒப்பித்தார்.

"முன்னுரைன்னா மதகைத் தொறக்கறதுக்கு முன்னாடி சாமிக்குக் கற்பூரம் காட்டற நேரம். நிமிஷம்னா ஏக்கருக்கு அத்தினி நிமிஷம். சரிபார்த்தல்னா வாய்க்கால்ல எங்கனா ஒடப்பு இருக்குதான்னு பாத்துக்கினு வர்றது. முடிவுரை மட்டும் தெரியல, அத சாரே சொல்லிட்டாரு. மறுக்கா கடைமடைக்குத் தொறந்து உட்டுட்டேன்."

கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. என் கட்டுரைக்குப் பொருந்தியதைவிட அந்தச் சட்டகம் ஏரிக்கு நன்றாகப் பொருந்தியது. ஒரு கட்டத்தில் நான் எழுதியது கட்டுரைக்கா, ஏரிக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழிக்கக் கூடாது என்ற கட்டத்தையும் சுருக்கொப்பத்தையும் பார்த்துவிட்டுத்தான் மேல்மடைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கை வைக்காமல் தலைவருக்காகக் காத்திருந்தார்களாம். வகுப்புப் பாடம் என்று சொல்லிப் பார்த்த என் பிள்ளைகளையும், பாடத்துக்கு எதற்குத் தேதியும் கையெழுத்தும் என்று அதட்டிவிட்டார்களாம். அந்தச் சுவருக்கு அவ்வளவு மரியாதை.

அது பிள்ளைகள் கட்டுரைக்காக எழுதியது, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். கட்டுரைக்கு எதற்கய்யா நிமிஷம் என்று மேல்மடைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

சின்னசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"தலைவரே, அவங்களுக்குத் தண்ணி வந்தா அது முறை. எங்களுக்கு வந்தா அது கட்டுரையா?"

தலைவருக்கு அன்று என்னைவிடக் குழப்பம். அது உத்தரவு என்றால் மேல்மடை விடாது. கட்டுரை என்றால், பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பார்த்து ஊரே ஏரியைத் திறந்தது என்று அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும். கடைசியில், பாய்ந்த தண்ணீர் பாய்ந்ததுதான், இந்த வருஷத்துக்கு இப்படியே இருக்கட்டும் என்றார். மேல்மடைக்காரர்களுக்குக் கிணறு இருந்தது. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். தலைவர் ஈரத்துணியால் சுவரைத் தானே துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ நல்ல வாத்தியாருதான். ஆனா எங்க ஊரு தாங்காது" என்றார்.

மேலே எழுதியதிலும் ஏறக்குறைய அதையேதான் எழுதினார். வேலை போயிற்று. அம்மா ஒரு மாதம் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை, அப்பாதான் குடம் தூக்கினார். எனக்கு அழுகையே வந்தது. சைக்கிள் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினேன், சட்டகம் போடாமல்.

தை பிறந்ததும் சின்னசாமி எங்கள் கடைக்கு ஒரு மூட்டை புது அரிசியோடு வந்தார். அந்த வருஷம் கடைமடையில் அறுப்பு நடந்தது. அவர் நினைவு தெரிந்து வறட்சியில் அங்கே கதிர் முற்றியதே இல்லையாம். அடுத்த மாதம் ஜாதகத்தோடு வந்தார். மாப்பிள்ளைக்கு வேலை இல்லையே என்று அப்பா இழுத்தார். வேலை போனதே எங்களாலதானே என்று சின்னசாமி சொல்லிவிட்டார். அப்படித்தான் பூங்காவனம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு எனக்கு வேறு ஊரில், ஏரி இல்லாத ஊரில், வேலையும் கிடைத்தது.

இன்றும் வீட்டில் நான் எதையாவது சொல்ல வாயைத் திறந்தால், 'முன்னுரை அஞ்சு நிமிஷம்' என்று பேரப்பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பந்தியில் கடைசி இலையில் உட்காருகிறவருக்கு எங்கள் வீட்டில் முதலில் பரிமாறுவார்கள். அதற்குப் பெயரே 'சார் முறை'.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. எங்கள் மகள் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் அவளுக்குக் கட்டுரைச் சட்டகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் அரிசி புடைத்துக்கொண்டே, முடிவுரையில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, எட்டாவதிலேயே எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டாவதிலேயே முன்னுரை, முடிவுரை படித்தவள், அன்றைக்குச் சுவரில் அதைப் பார்த்துவிட்டு எப்படிக் கற்பூரம் காட்டுகிற நேரம் என்று சொன்னாள்?

கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கட்டுரைன்னு பாத்ததுமே தெரிஞ்சிப் போச்சிங்க. பயிரு கருகிக்கினு இருந்திச்சி. எங்க ஊருல அதுவரைக்கும் யாரும் கடைமடைன்னு முதல்ல எழுதினதே இல்ல. எழுதியிருக்குதே, படிச்சிட்டேன்."

"அப்போ என் வேலை போச்சே?"

"அதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கினேன்" என்றாள்.

அது நஷ்டஈடா தண்டனையா என்று எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், அஞ்சு நிமிஷம் ஆகிவிட்டது என்கிறாள்.