உயிரோடு இருப்பதற்கு மூன்று கையெழுத்து

ஓய்வு பெற்ற நாற்பத்தோராம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பணக்காரனாகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகக் குனிந்து தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டில் பணம் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன்.

ஓய்வுப் பணம் முழுவதும் வங்கியில் வைப்புத்தொகையாக இருந்தது. போட்ட அன்றே என் மனைவி, "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்கணும்னு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அப்போது அது எனக்கு அன்பு மாதிரி தெரிந்தது.

பணக்கார ஆசையைக் கிளப்பியவர் பக்கத்து வீட்டுக்காரர். வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் பெயரே 'வானிலை'. அந்தக் காலத்தில் அவர் மழை வரும் என்றால் தெருவே நம்பிக்கையோடு துணி காயப்போடும். இப்போது பங்குச் சந்தைக்கு முன்னறிவிப்பு சொல்கிறார்.

"சார், வியாழக்கிழமை மத்தியானம் சபையில நம்பிக்கை ஓட்டு. அரசாங்கம் தப்பிச்சுடும். தப்பிச்சதும் பாலம், ரோடுன்னு ஆரம்பிப்பாங்க. சிமெண்ட் பங்கு பறக்கும். அதுக்குள்ள பணத்தைப் போட்டுடணும்."

"கவுந்துட்டா?"

"என் கணிப்புல கவுறாது."

"உங்க கணிப்புல மழைகூட..."

"மழைக்கு மனசு கிடையாது சார். அரசியல்வாதிக்கு உண்டு. அதுல என்ன ஓடும்னு எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்தேன். மனைவி முன்னறையில் தையல் இயந்திரத்தில் யாருடைய திரைச்சீலைக்கோ மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, சிமெண்ட் வாங்கலாம்னு பார்க்கிறேன்."

"எந்தச் சுவருங்க இடிஞ்சிருக்கு?"

"சுவருக்கு இல்ல. சிமெண்ட் கம்பெனிப் பங்கு. விலை பறக்கப் போகுது."

"சிமெண்ட் பறந்தா கண்லதான் விழும்."

"பணம் பேங்க்ல சும்மா தூங்குதே!"

"தூங்கட்டும். நீங்க மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கலியா? உங்களை நான் எழுப்பினேனா?"

"ரிஸ்க் எடுக்காம யாரும் முன்னேறினது கிடையாது."

"கல்யாணத்துல நான் எடுத்தேனே. எங்க முன்னேறினேன்?"

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. பேச்சு முடிந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் மணி.

வானிலையிடம் போய்ப் புலம்பினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டா மறுக்கத்தான் செய்வாங்க. ஏன் கேட்கிறீங்க? வேற ஏதோ தாள்னு சொல்லிக் கையெழுத்து வாங்குங்க. நானும் எங்க வீட்டுல அதைத்தான் செய்யப் போறேன்."

வைப்புத்தொகையை முன்கூட்டியே முடிப்பதற்கான படிவத்தை வாங்கி வந்தேன். மனைவி கையெழுத்துக்கு மூன்று கட்டங்கள். அவை மட்டும் வெளியே தெரியும்படி தாளை மடித்தேன். புதன்கிழமை காலை, அவள் வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியிருந்த நேரம் பார்த்து நீட்டினேன். கேள்வி வராது என்று கணக்கு. அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன தாளுங்க?"

"பென்ஷன் ஆபீசுக்கு. நான் உயிரோட இருக்கேன்னு நீ சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"மூணு இடத்துலயா?"

"ஒரு இடத்துல போட்டா நம்ப மாட்டாங்களாம்."

"எனக்கே சாப்பாட்டு நேரம் தவிர சந்தேகம்தான். வச்சுட்டுப் போங்க, கைவேலையை முடிச்சுட்டுப் போடறேன்."

அரை மணி நேரத்தில் தாளை உறையில் போட்டு, ஒட்டியே கொடுத்தாள். கசங்கக் கூடாதாம். முப்பது வருஷமாக இவளைச் சந்தேகித்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சிமெண்ட் பறந்ததும் முதல் காசில் இவளுக்குப் புது இயந்திரம் வாங்கித் தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வங்கி. டோக்கன் முப்பத்தேழு. சுவரில் தொலைக்காட்சி, சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. கவுண்டர் அம்மா உறையைக் கிழித்தார், தாளை விரித்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சார், உங்க வீட்டம்மா கையெழுத்து கொஞ்சம் நீளமோ?"

"இல்லையே. சின்னதாத்தான் போடுவா."

"முதல் கட்டத்துல, 'இவர் உயிரோடதான் இருக்கார்'னு எழுதியிருக்கு."

எனக்குப் பின்னால் வரிசை எட்டிப் பார்த்தது.

"ரெண்டாவது கட்டத்துல, 'அப்படியே இருக்கணும்னா பணத்தைக் கொடுக்காதீங்க'."

"அம்மா, மெதுவாப் படிங்க."

"மெதுவாத்தான் சார் படிக்கிறேன். மூணாவதுல, 'வரும்போது ரெண்டு கிலோ சர்க்கரை வாங்கிட்டு வரச் சொல்லுங்க'."

வரிசை முழுக்கச் சிரித்தது. காவலாளிகூடச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் தொலைக்காட்சியில் ஒரு கூச்சல். இரண்டே இரண்டு ஓட்டில் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது. திரையின் அடியில் பங்கு விலைகள் சிவப்பாக ஓடின. சிமெண்ட் பறக்கவில்லை. மழையில் நனைந்த மூட்டை மாதிரி கரைந்துகொண்டிருந்தது. அரை மணி முன்னால் பணம் என் கைக்கு வந்திருந்தால், முப்பத்து நாலு வருஷம் குனிந்த முதுகு அதோடு சேர்ந்து கரைந்திருக்கும். உட்கார இடம் தேடித் திரும்பினேன்.

ஓரத்து பெஞ்சில் வானிலை உட்கார்ந்திருந்தார். முகத்தில் இடி, மின்னல் எதுவும் இல்லை, மேகம் மட்டும்தான். மடியில் அதே மாதிரி படிவம்.

"என்ன சார், உங்களுக்கும் கொடுக்கலியா?"

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். அவர் வீட்டம்மா மூன்று கட்டங்களையும் சேர்த்து, குண்டு குண்டாக எழுதியிருந்தார்:

'பக்கத்து வீட்டம்மா எழுதினதேதான் எனக்கும். சர்க்கரை மட்டும் ஒரு கிலோ போதும்.'