இறங்க மறுத்த வால்யூம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனைவி கன்னிகாவின் குரலை அடக்கியே தீருவது! வீட்டில் முடியாது, பதினோரு வருஷ அனுபவம். லாப்டாப்பிலாவது அடக்குவேன்.

விஷயம் இதுதான். நாகலாபுரம் கோயில் உற்சவத்தில் ஸ்பீக்கரில் போடுவதற்காக நானும் கன்னிகாவும் ஒரு பாட்டு பாடினோம். எழுதினது நான். மெட்டு போட்டது நான். வடமாலபேட்டை வெயிலில், ஃபேன் சத்தம் விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, மைக் முன்னால் ஊறுகாய் மாதிரி ஊறினதும் நான். ரெகார்டிங் சாஃப்ட்வேரில் ரெண்டு குரலையும் கலந்தது மட்டும் கன்னிகா.

கேட்டேன். பாட்டு முழுக்க அவள்தான். நான் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி இருந்தது. முதல் சரணத்திலேயே ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அவளுக்கு என்மேல் இரக்கமே இல்லை. அவள் குரலுக்கு இறக்கமே இல்லை!

அவள் காய் வாங்க புத்தூர் சந்தைக்குப் போனாள். லாப்டாப்பைத் திறந்தேன். 'கன்னிகா' என்று எழுதியிருந்த வால்யூம் பட்டனைப் பிடித்துக் கீழே இழுத்தேன். பாட்டை ஓட்டினேன். பட்டன் தானாக மேலே ஏறியது!

மறுபடி இழுத்தேன். மறுபடி ஏறியது. ஏழாவது தடவை மேஜையை ஒரு குத்து விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

பையோடு உள்ளே வந்தாள் கன்னிகா.

"இன்னாத்துக்கு மேஜைய ஒடைச்சிக்கினு கீறீங்க?"

"உன் வால்யூம் எறங்க மாட்டேங்குது! திரையில கூட நீ எம் பேச்சக் கேக்க மாட்டியா?"

"அது ஆட்டோமேஷன். எந்த வரியில ஏறணும், எந்த வரியில எறங்கணும்னு நான் கோடு போட்டு வெச்சிகீறேன். நீங்க கையால இழுத்தாலும், அது கோடு சொல்றபடிதான் போவும்."

"எனக்குக் கோடு போட நீ யாரு?"

"உங்களுக்குப் போடல. என் குரலுக்குப் போட்டேன்."

"அப்போ என் குரலு?"

"அதுக்கும் போட்டிருக்கேன்."

"அழி! எல்லாத்தையும் அழி! நான் போடுறேன் கோடு!"

சண்டை வருமென்று இடுப்பு வேட்டியை இறுக்கினேன். வரவில்லை. கோடுகளெல்லாம் அழித்த ஒரு காப்பியைத் திறந்து தந்தாள். புள்ளி எப்படி வைப்பது, கோட்டை எப்படி இழுப்பது என்று சொல்லியும் கொடுத்தாள். இவ்வளவு சுலபமாகவா? என் கோபத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது!

மூணு மணிநேரம் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்கிற இடமெல்லாம் அவளைத் தரைக்கு இறக்கினேன். என்னைக் கூரைக்கு ஏற்றினேன்.

"முடிஞ்சிதா? நீங்க போய் துன்னுங்க. கோயில் ரங்கையாவுக்கு நான் அனுப்பிடுறேன்," என்றாள்.

வெற்றிக் களிப்பில் ஒரு கவளம் அதிகமாகவே தின்றேன்.

உற்சவத்தன்று சட்டைக்கு இஸ்திரி போட்டு முன்வரிசையில் நின்றேன். ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டு வந்தது. கன்னிகா வந்தாள். வந்துகொண்டே இருந்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பெண்கள் பக்கம் நின்றிருந்தவளிடம் போனேன்.

"நான் போட்ட கோடு எங்கடி?"

"பத்திரமா கீது. உங்க காப்பியில."

"அப்போ இது?"

"இது என்னுது. கத்தாதீங்க, சாமி கேக்குது."

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார், பாட்டு போடும் பொறுப்பிலிருந்த ரங்கையா. அவர் கண் கலங்கியிருந்தது.

"சாலா பாகுந்தி சார்! ரொம்ப நல்லா கீது! அதுலயும் அந்த மூணாவது சரணம்! நீங்க வாயே தெறக்காம, அம்மாவ மட்டும் பாட உட்டீங்களே, அதுதான் சார் பாட்டு!"

மூணாவது சரணத்தில்தான் நான் தொண்டை கிழியப் பாடியிருந்தேன்.