சண்முகநாதன் உயிரோடு இருக்கிறார்: உதைபந்தாட்ட முன்னோட்டத்துக்கு ஒரு திருத்தம்

வோபர்ன், ஸ்காபரோ
18.08.2009, செவ்வாய்க்கிழமை

"தூரதேசம்" வாரப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. இராஜரட்ணம் அவர்களுக்கு,

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் கிட்ட வேண்டுமென்று வேண்டிக்கொண்டு எழுதுவது. நானும் என் மனைவியும் முருகன் அருளாலும் நீரிழிவு மாத்திரையாலும் சுகமாக உள்ளோம். சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் பத்திரிகையின் பதினேழாம் பக்கத்தில், நாவற்கேணி மத்திய கல்லூரிக்கும் புனித லோரன்சியார் கல்லூரிக்கும் இடையே நடைபெறவுள்ள பழைய மாணவர் உதைபந்தாட்டப் போட்டி பற்றி நான் எழுதிய முன்னோட்டம் வெளிவந்தது. அது தொடர்பாக வரும் வெள்ளிக்கிழமை அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு மிகுந்த பணிவுடனும் அதைவிட மிகுந்த வெட்கத்துடனும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் தங்கள் மீதோ, பக்கம் கட்டும் கிளடிஸ் பிள்ளை மீதோ எந்தக் குற்றமும் இல்லை. நான் எழுதித் தந்ததைப் படித்த எவரும் ஒவ்வொரு ஆட்டக்காரரின் படத்துக்கும் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, சுற்றிவரக் கறுப்புக் கோடு போட்டுத்தான் இருப்பினம். எங்கட பின்வரிசை அலெக்ஸாண்டருக்கு மட்டும் விளக்கு வைக்காமல் பார்த்துச் சிலுவை வைச்சிருக்கிறா, அந்தக் கவனத்துக்கு அவவுக்கு என்ரை நன்றியைச் சொல்லவும்.

பிழை எப்பிடி வந்ததெண்டு உங்களுக்கே தெரியும் தம்பி. தை மாசம் நீங்கள் போன் எடுத்து, அண்ணை, வன்னியில சண்டை, மரண அறிவித்தல் எழுத ஆக்கள் காணாது, உங்களுக்கு ஊர்ச் சனத்தையும் தெரியும், முறையும் தெரியும், கொஞ்சம் வந்து உதவுங்கோ எண்டு கேட்டனீங்கள். நானும் பென்சன்காரன், வந்தன். வைகாசி வரைக்கும் எழுதினன். எத்தினை எண்டு எண்ணேல்லை, எண்ணாதேங்கோ எண்டு மனுசி சொன்னவ. ஒரு குடும்பத்தில ஏழு பேருக்குச் சேர்த்து ஒரே அறிவித்தல் எழுதின நாளும் இருக்குது. அதுக்குப் பிறகு ஆவணி பிறக்க நீங்கள் திரும்ப எடுத்து, அண்ணை, நீங்கள் அந்த நாளையில கோல் காத்தனீங்கள்தானே, மட்ச்சுக்கு ஒரு முன்னோட்டம் எழுதித் தாங்கோ, ஒரு மாறுதலா இருக்கும் எண்டியள். நானும் சந்தோசமா மேசையில இருந்தன். பேனையைத் தூக்கினதுதான் எனக்குத் தெரியும், மிச்சத்தைக் கைதான் எழுதினது.

"வன்னி நாவற்கேணியைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட சண்முகநாதன் அவர்கள், எதிர்வரும் 30.08.2009 ஞாயிற்றுக்கிழமை புனித லோரன்சியார் அணியின் முன்வரிசையில்" எண்டு தொடங்கியிருக்கிறன். சரி, அதோட விட்டனோ. "அன்னார் காலஞ்சென்ற கந்தப்பு தம்பதிகளின் அன்பு மகனும், ரதியின் ஆருயிர்க் கணவரும்" எண்டு போய், "இரு அணியினரும் பிற்பகல் 2.30 மணி முதல் பார்வைக்கு வைக்கப்பட்டு, 3 மணிக்கு மைதானத்துக்கு எடுத்துச் செல்லப்படுவர், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" எண்டு முடிச்சு, கீழ தொடர்புகளுக்கு எண்டு என்ரை வீட்டு நம்பரையும் போட்டிருக்கிறன். ரெண்டாந்தரம் வாசிச்சுப் பார்த்தும் எனக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. நல்லா வந்திருக்குதெண்டுதான் நினைச்சன்.

வெள்ளி பின்னேரமே தொடங்கிட்டுது. எங்கட முன்வரிசையில விளையாடுற கீதன், இஞ்சை பிறந்த பெடியன், மார்க்கம் நகரத்தில கொம்பியூற்றர் வேலை, தகப்பன் படிச்ச பள்ளிக்கூடம் எண்டதுக்காக வருசா வருசம் வந்து ஓடித்தாறவன். அவன்ரை தாயின்ரை சிநேகிதியள் ரெக்ஸ்டேலில இருந்து ரெண்டு பஸ் மாறி மலர்வளையத்தோட போயிருக்கினம். கதவைத் திறந்தது கீதன். ஒரு அன்ரி வாசலிலயே இருந்திட்டா. அவன் எனக்கு எடுத்து, அங்கிள், நான் எதால செத்தனான் எண்டு கேட்டான், பகிடியாத்தான் கேட்டான், நல்ல பிள்ளை. அலெக்ஸாண்டர் ஒண்டும் கேக்கேல்லை, அவர் எதுக்கும் கேக்கிற ஆள் இல்லை. என்னைப் பற்றியும் நானே எழுதினதால எனக்கும் வந்தது. மனுசிக்கு ஆறுதல் சொல்ல எடுத்தவை நான் போனைத் தூக்க, உங்கட குரல் அவற்றை குரல் மாதிரியே இருக்கு எண்டு அழுதவை. ஒருத்தர் மட்டும், பரவாயில்லை, நல்ல சாவு, அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததுதானே எண்டவர். ஆளைக் குரலில பிடிச்சிட்டன், பேரை எழுதி வைச்சிருக்கிறன்.

இதெல்லாம் சிரிச்சுப்போட்டு விடுற விசயம். நான் உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதுறது சண்முகநாதனுக்காக. அவரை உங்களுக்குப் பழைய மாணவர் சங்க மேடையிலதான் தெரியும், எனக்கு நாற்பது வருசமா. எதிர் அணிக் கப்டன். நாவற்கேணியில ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் நடுவில ஒரு பாண் பேக்கரிதான், ஆனா ஒருதரோட ஒருதர் கதைக்கிறதெண்டால் மட்ச் முடிஞ்சு ஒரு கிழமை போகவேணும். அறுபத்தேழாம் ஆண்டு அவர் அடிச்ச பெனால்ரி என்ரை காலுக்குள்ளால போனது. அதை அவர் எனக்கு இன்னும் கிழமைக்கொருக்கா ஞாபகப்படுத்துவார். இஞ்சை வந்து பதினாலு வருசம் ஒரே பக்ரறியில பெட்டி ஒட்டினம், ஒரே பஸ்ஸில போய் வந்தம்.

இந்த வருசம் மட்ச் வேணுமோ வேண்டாமோ எண்டு ஆனி மாசக் கூட்டத்தில பெரிய இழுபறி. அங்கை சனம் முள்ளுக்கம்பிக்குள்ள இருக்கேக்கை இஞ்சை பந்தடியோ எண்டு கேட்டது வேற ஆருமில்லை, நான்தான். சண்முகநாதன் எழும்பி, வைகாசிக்குப் பிறகு எங்கட சனம் செத்தவீட்டிலதான் ஒண்டாக் கூடுது, வேற ஒண்டுக்கும் ஒருக்காக் கூடினால் என்ன எண்டு கேட்டார். மட்ச் வைக்கிறதெண்டு முடிவாச்சுது. நான் அதையும் செத்தவீடாக்கிப் போட்டன்.

அது மட்டும் எண்டாலும் அவர் மன்னிச்சிருப்பார். சண்முகநாதனுக்கு ஒரு தமக்கை, தவமணி அக்கா. கலியாணம் கட்டேல்லை, தாய்க்குப் பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவ. மட்ச் நாளில கோட்டுக்கு வெளிய நிண்டு நடுவரை ஏசுறதில அவவை மிஞ்ச ஆளில்லை, ஒரு நடுவர் அவவுக்குப் பயந்து ரெண்டாம் பாதிக்கு வரேல்லை. வன்னியில கடைசி வரைக்கும் இருந்தவ. மார்கழிக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. சண்முகநாதன் பார்க்காத பட்டியல் இல்லை, கேக்காத ஆள் இல்லை. சித்திரை, வைகாசி முழுக்க யூனிவர்சிற்றி அவெனியூப் போராட்டத்தில அவவின்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.

தம்பி, அந்த அறிவித்தலில நான் "காலஞ்சென்ற தவமணியின் அன்புச் சகோதரரும்" எண்டு எழுதியிருக்கிறன்.

ஏன் எழுதினனெண்டு எனக்கே தெரியேல்லை. இந்த வருசம் வன்னிப் பேர் ஒண்டு எழுதினால் முன்னால அந்தச் சொல்லையும் எழுதித்தான் கைக்குப் பழக்கம். சனிக்கிழமை அவற்றை வீட்டுக்குப் போனன். ரதி கதவைத் திறந்து என்ரை முகத்தைப் பாராமல் விலத்தி நிண்டவ. அவர் சோபாவில பத்திரிகையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தார். நான் தொடங்க முதல் அவர் சொன்னார்: "என்னைச் சாக்காட்டினது பரவாயில்லை. இந்த எட்டு மாசமா அக்காவின்ரை பேருக்கு முன்னால அந்தச் சொல்லை நான் மனசுக்குள்ளயும் சொல்லேல்லை. நீ அச்சில போட்டிட்டாய்." அவ்வளவுதான். ஏசியிருந்தால் நான் நல்லா நித்திரை கொண்டிருப்பன். அவர் மட்ச்சுக்கு வரமாட்டாராம். என்னோட கதைக்கிறதும் இதுதான் கடைசியாம்.

எனக்கு அறுபத்தொண்டு தம்பி. இனி இப்பிடி ஒரு எதிராளியை நான் எங்கை போய்த் தேடுறது.

ஆகவே திருத்தத்தைக் கீழ்க்கண்டவாறு வெளியிடலாம். முன்னோட்டத்தில் குறிப்பிடப்பட்ட இருபத்திரண்டு பேரும் உயிருடன் உள்ளனர். திருமதி, இல்லை, செல்வி தவமணி அவர்கள் பற்றி எழுதிய சொல் முழுக்க முழுக்க எழுதியவரின் தவறு, அதை அவர் மீளப் பெற்றுக்கொள்கிறார். போட்டியைப் பொறுத்தவரை, மத்திய கல்லூரியின் கோலில் நான் நிற்பேன். பந்து நேரே வந்தால் பிடிப்பேன், பக்கத்தால் வந்தால் பார்ப்பேன். அலெக்ஸாண்டரின் முழங்கால்களில் ஒன்று நல்லது. கீதனுக்குப் பந்து போனால் எங்களுக்கு வாய்ப்புண்டு, ஆனால் பந்தை அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வயதில் எங்கள் அணியில் எவருமில்லை. புனித லோரன்சியார் அணி சென்ற ஆண்டு எங்களை நான்குக்கு ஒன்று என வென்றது. நான்கில் மூன்று சண்முகநாதன் அடித்தவை. அன்னார், மன்னிக்கவும், அவர் இவ்வாண்டும் களமிறங்கினால் நாங்கள் தோற்போம். இறங்காவிட்டால் வெல்லக்கூடும். அப்படியொரு வெற்றி எங்களுக்கு வேண்டாமென்பதை அணியின் சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்தத் திருத்தத்தை எழுதவே நாலு தாள் கிழிச்சனான். இனிமேல் பத்திரிகைக்கு நான் எதுவும் எழுதமாட்டன், மரணமும் எழுதமாட்டன், மட்ச்சும் எழுதமாட்டன். தங்கள் பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும். கிளடிஸ் பிள்ளைக்குத் திருமணம் நிச்சயமானதாகக் கேள்வி, வாழ்த்துக்கள். அழைப்பிதழை மட்டும் என்னைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வ. பத்மநாதன்
(உயிருடன்)

பிற்குறிப்பு: புதன்கிழமை. தம்பி, கடிதத்தைத் தபாலில போட முதல் ஒரு விசயம் நடந்திட்டுது. மேல எழுதினதை எல்லாம் விடுங்கோ, திருத்தம் ஒண்டும் போடாதேங்கோ.

இண்டைக்குக் காலமை ஆறரைக்குப் போன். இந்தக் கிழமை நாப்பது பேருக்குப் பதில் சொன்ன களைப்பு எனக்கு. ஒரு பொம்பிளைக் குரல், இரைச்சலுக்குள்ளால, சண்முகநாதன் எப்பிடிச் செத்தவன் எண்டு கேட்டுது. நான் வழக்கம்போல, நீங்கள் ஆர் கதைக்கிறது, அவருக்கு நீங்கள் என்ன முறை எண்டு கேட்டன். "நான் காலஞ்சென்ற தவமணி கதைக்கிறன்" எண்டா. "நீதானாமே அப்பிடி எழுதினனீ?"

செட்டிகுளம் முகாமில இருக்கிறா. கால் ஒண்டில காயம், நடக்கிறாவாம். நம்பர் எழுதின கொப்பி ஓடேக்கை வழியில துலைஞ்சு போச்சுதாம், அதுதான் ஒருத்தருக்கும் எடுக்கேல்லை. வவுனியாவில ஆரோ உங்கட பேப்பரைக் கொம்பியூற்றரில பார்த்து, கம்பிக்கு வெளிய நிண்டு, உன்ரை தம்பி செத்துப்போனார், நீயும் அதில செத்திருக்கிறாய் எண்டு சொல்லி, கீழ கிடந்த என்ரை நம்பரையும் குடுத்திருக்கினம். ஆற்றையோ ஒளிச்சு வைச்ச போனில எடுத்தவ. அவன் உயிரோட இருக்கிறான் அக்கா, முப்பதாந்திகதி மட்ச்சும் இருக்குது எண்டன். பிறகு மூண்டு நிமிசம் என்னை ஏசினா. அந்த நடுவரைக் கூட அவ அப்பிடி ஏசேல்லை. நான் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டன்.

கட்டின சாரத்தோடயே சண்முகநாதன் வீட்டுக்கு ஓடினன். சொன்னன். அவர் வாசலில, சப்பாத்துக் கழட்டுற இடத்திலயே இருந்து அழுதார். ரதி என்னைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி தந்தவ. மட்ச்சுக்கு வாறாராம். மூண்டு கோல் எனக்கு நிச்சயமாம்.

இப்ப விசயம் என்னெண்டால், கதை பரவிட்டுது. மத்தியானத்தில இருந்து ரெண்டு ரீம் ஆக்களும் ஒவ்வொருத்தரா வீட்டுக்கு வருகினம். வன்னியில ஒருத்தருக்குத் தமையனைக் காணேல்லை, ஒருத்தருக்கு மாமி, ஒருத்தருக்கு ரெண்டு பிள்ளையள். எல்லாரும் தங்களை இந்த வெள்ளிக்கிழமை இன்னொருக்காச் சாக்காட்டட்டாம். தங்கட ஆக்களின்ரை பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போட்டு எழுதட்டாம், கோவத்திலயாவது எடுத்து ஏசுவினம் எண்டு. எழுதிக்கொண்டிருக்கிறன், நாளைக்குக் கொண்டுவந்து தாறன். ஒரு பக்கம் காணாது.

அலெக்ஸாண்டர் கடைசியா வந்தவர். வன்னியில இருந்த தாயின்ரை பேரை ஒரு துண்டில எழுதித் தந்தார். தாயைப் பற்றி அவர் வாய் திறந்தது இண்டைக்குத்தான். முன்னால அந்தச் சொல்லைப் போடவோ எண்டு கேட்டன். துண்டைத் திரும்ப வாங்கி ஒருக்கா வாசிச்சார். "வெறும் பேரை மட்டும் போடு" எண்டார்.