மீன்குழம்பில் மறைந்த கைபேசிக்கு ஒரு நிமிட மௌனம்

ஜனநாயகம் கிரேக்கத்தில் பிறந்தது என்பார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வளர்ந்து, கோட் போட்டு, மேசையின் தலைமாட்டில் அமர்ந்தது ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில், எங்கள் வீட்டுக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் என்பதை உலகம் இன்னும் அறியவில்லை.

என் கணவர் பேனாட் பெரிய மனிதர். விளையாட்டுக் கழகம் ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். கழகம் இரண்டாக உடைந்தது. ஒரு பாதிக்குத் தலைவரானார். அந்தப் பாதியும் உடைந்தது. கடைசியில் உடைக்க ஆளில்லாமல் வீட்டுக்கு வந்து ‘குடும்ப நிர்வாக சபை’யை நிறுவினார். அவர் தலைவர். நான் செயலாளர். மூத்தவள் லாரா பொருளாளர். பொருள் மட்டும் தலைவரிடம் இருந்தது. இளையவன் றெக்ஸ் ‘பொது அங்கத்தவர்’, அதாவது கை தட்டுபவர்.

2008 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை சபை கூடியது. இரண்டு பிரேரணைகள். கைப்பிடியை வீசினால் திரையில் பந்து பறக்கும் புதிய வீடியோ விளையாட்டுக் கொன்சோல் வாங்க வேண்டும் என்பது றெக்ஸினுடையது. விரலால் தடவினால் வேலை செய்யும் புதிய கைபேசி வாங்க வேண்டும் என்பது தலைவருடையது.

மறுநாள் றெக்ஸின் பிறந்தநாள். அவனுடைய வகுப்புத் தோழன் யூலியான் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறான். “எங்கட வீட்டிலயும் கொன்சோல் இருக்கு” என்று இவன் ஏற்கெனவே வாய் விட்டிருந்தான். ஞாயிறு இந்த நாட்டில் கடை திறக்காது. ஆகவே சனி இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டுவதற்குள் முடிவு வர வேண்டும்.

நான்கு மணிக் கூட்டம் எங்கள் மரபுப்படி ஐந்தரைக்குத் தொடங்கியது. பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்தோம். பிரதம விருந்தினரும் தலைவரே. வெளியே போயிருந்தவர் வந்து, ஹீட்டர் எரியும் அறையில் ஜாக்கெட்டைக் கழற்றாமல் அமர்ந்தார். பதவியின் கௌரவம் என்று நினைத்தேன்.

வரவேற்புரை. தலைமையுரை. தேநீர் இடைவேளை, றோல்ஸுடன். மீண்டும் தலைமையுரை.

“அப்பா, கடை பூட்டப் போறாங்கள்” என்றான் றெக்ஸ்.

“தலைவர் எண்டு சொல்லும்.”

“தலைவர் அப்பா, யூலியான்ர வீட்டில இவ்வளவு நேரம் எடுக்காது.”

“அங்க எப்பிடி முடிவெடுக்கினம்?”

“அவன் கேப்பான். தாய் ஓம் எண்டுவா, இல்லாட்டி ஏலாது எண்டுவா. முடிஞ்சுது.”

“பாத்தீரோ பிளோறன்ஸ்! தனிச் சர்வாதிகாரம்!” என்று என் பக்கம் திரும்பினார் தலைவர்.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. “கொன்சோல் விசயத்தை ஆழமாய் ஆராய ஒரு ஆய்வுக்குழு. அறிக்கை அடுத்த வருசம்.”

றெக்ஸ் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

“ஆனா ஒண்டு. பிள்ளை இழக்கேக்க தகப்பனும் இழக்க வேணும். நானும் புதுப் போன் வாங்கேல்லை!”

என் கண் கலங்கியது. இப்படி ஒரு தியாகியையா நேற்று உள்ளி உரிக்கச் சொன்னேன்?

“இப்ப, மீன்குழம்புக்குள்ள விழுந்து எங்களை விட்டுப் பிரிஞ்ச என்ர பழைய போனுக்கு ஒரு நிமிச மௌன அஞ்சலி. எல்லாரும் எழும்புங்கோ.”

எழுந்தோம். தலை குனிந்தோம். காலமானவர் நல்லவர். காதுக்கும் தோளுக்கும் இடையில் அவரை இடுக்கிக்கொண்டு தலைவர் உப்புப் பார்க்கக் குனிந்தபோது வழுக்கியவர்.

மௌனத்தின் நடுவே தலைவரின் ஜாக்கெட் பாடியது.

“ஆரது இந்த நேரத்தில?” என்றார் தலைவர், ஜாக்கெட்டை இரு கைகளாலும் அமுக்கியபடி.

முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த வீட்டுத் தொலைபேசியை லாரா முன்னால் எடுத்தாள். “நான்தான் அப்பா. செத்த போன்ர நம்பருக்கு அடிச்சுப் பாத்தனான். காலமானவர் லைனில நிக்கிறார்.”

“உமக்கு எப்பிடி...”

“பழைய பேப்பர் கொண்டுபோய்ப் போடுறது இந்தக் கிழமை என்ர முறையெல்லோ. நீலத் தொட்டிக்குள்ள புதுப் போன் பெட்டியும் ஒப்பந்தக் கடுதாசியும் வடிவா மடிச்சுக் கிடந்தது. பிளாஸ்ரிக்கை மட்டும் கழட்டி மஞ்சள் பைக்குள்ள போட்டிருக்கிறியள்.”

குப்பையை இவ்வளவு ஒழுங்காகப் பிரிக்கும் மனிதரால் இந்த நாட்டில் ஒரு களவும் செய்ய முடியாது.

“அது... சபைக்காகச் சோதினைக்கு எடுத்தது.”

“ரெண்டு வருச ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சோ சோதினை?” என்று கேட்டேன். செயலாளருக்கும் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு.

றெக்ஸ் அதற்குள் சப்பாத்துப் போட்டுவிட்டான். ஆய்வுக்குழு அந்தக் கணமே கலைந்தது. தலைவரும் பொது அங்கத்தவரும் ட்ராமைப் பிடிக்க ஓடுவதை யன்னலால் பார்த்தேன். கடைக்காரர் கதவைப் பாதி இழுத்த நேரத்தில் உள்ளே நுழைந்தார்களாம்.

மறுநாள் எங்கள் வரவேற்பறையில் பந்து பறந்தது. யூலியான் கத்தினான், றெக்ஸ் குதித்தான், கீழ்வீட்டுக்காரர் கீழிருந்து தன் கூரையைத் தட்டினார். கதவோரம் நின்ற பேனாட் நெடுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

“மகன், எனக்கும் ஒருக்காத் தாருமன்.”

றெக்ஸ் திரையை விட்டுத் திரும்பவில்லை. “அதுக்கு ஒரு கூட்டம் வைக்க வேணும், தலைவர் அப்பா. முதல்ல ஆய்வுக்குழு போடுவம்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை தகப்பனிடமிருந்து ஜனநாயகத்தை முழுமையாகக் கற்றுவிட்டான்: முதலில் தனக்கு எடுத்துக்கொள்வது, பிறகு மற்றவருக்குக் கூட்டம் வைப்பது.