சிலைக்கு எதிரே ஒரு வீடு

உலகத்தில் பெற்ற பிள்ளைகளை மறக்காத ஊர் ஒன்றே ஒன்றுதான். அது அயர்லாந்தின் மேற்கோரத்தில், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் இருக்கிற கில்ட்ரமின். பஞ்ச காலத்தில் பாதி ஊர் கப்பலேறியது. மிச்சப் பாதி, போனவர்களின் நிலத்தை எடுத்துக்கொண்டு, அன்று முதல் அவர்களுக்காக அழுதுகொண்டிருக்கிறது. அழுகையை முறைப்படுத்த ஒரு கமிட்டியும் உண்டு.

அந்தக் கமிட்டி சந்தைத் திடலில் ஒரு வெண்கலச் சிலையை நிறுவியது. கையில் பெட்டியோடு ஊரைத் திரும்பிப் பார்க்கும் 'புலம்பெயர்ந்த மைந்தன்'. பார்க்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிஜ மைந்தன் ஒருவர் திரும்பி வந்து தொலைத்தார். மாலக்கி டியர்னி. லண்டனில் சுரங்கம் தோண்டியே முட்டி தேய்ந்தவர். அப்பா விட்டுப்போன வயலில் இரண்டு அறை வீடு கட்டி, மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. வயல் சிலைக்கு நேர் எதிரே இருந்தது. வினை அங்கேதான். வீடு கட்ட அவர் அனுமதி கேட்டதும், கமிட்டி 'ஒருமனதாக, மிகுந்த பாசத்துடன்' ஆட்சேபம் தெரிவித்தது.

மாலக்கி கூட்டத்துக்கே போய்விட்டார்.

"உன்னைப் பார்த்ததுல எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!" என்றார் தலைவி டிம்ப்னா, அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். "ஆனா உன் வீடு சிலையோட பார்வையை மறைச்சிடுமே, மாலக்கி."

"அது அப்படி எதைத்தான் பார்க்குது?"

"உங்கப்பா வயலைத்தான். ஏக்கத்தோட!"

"அந்த ஏக்கம் எனக்கும் இருக்கு, டிம்ப்னா."

"இருக்கும், இருக்கும். உன்னைப் படம் எடுக்க யாரு பஸ் பிடிச்சு வர்றா?"

தபால்காரர் ஃபெஸ்டி நியாயத்தைப் பொறுமையாக விளக்கினார். "எதிர்லயே வீடு வந்துட்டா சிலை எதுக்குங்க ஏங்கணும்? நேரா உள்ள போய் டீ குடிச்சிடுமே!"

கமிட்டி இதை ஆழ்ந்து யோசித்து ஆமோதித்தது.

மாலக்கி எழுந்து நின்றார். "அப்ப நான் எங்கதான் போறது?"

டிம்ப்னா உருகிப்போனார். அவர் கண்ணில் வந்தது அசல் கண்ணீர். "என்ன இப்படிக் கேட்டுட்ட? சர்ச்சுக்குப் பின்னால, உங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துல உனக்கு இடம் கிடக்கே! ஊரே திரண்டு வரும். கடையெல்லாம் அடைச்சிடுவோம். சாண்ட்விச் நான் செய்றேன்."

"அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"சே! நம்ம ஊர்க்காரனுக்கு எதுக்குப்பா அனுமதி?"

மறுநாள் மாலக்கி பெட்டியோடு சிலைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, கமிட்டி மொத்தமும் வந்து அழுதது. அழுவதில் கில்ட்ரமினை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பஸ் நகர்ந்தது. டிம்ப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு கை வீசினார்.

"சீக்கிரம் வந்துடு, மாலக்கி!"