கெட்ட பார்வையின் நிறம் மஞ்சள்

பொழுது விடிய வேண்டியதுதான், கடைத்தெருவில் வரிசை நின்றுவிடும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில். அதற்குள் அவரவர் வீட்டு மீன் தொட்டித் தண்ணீர். என்ன விசேஷம் என்கிறீர்களா? உள்ளே நீர்ஞானி அருள்பாலித்துக்கொண்டிருக்கிறார்!

ஞானி அந்தத் தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். பட்டுத் துணிக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விடுவார். நீலமானால் வீட்டில் நிம்மதி. மஞ்சளானால் கெட்ட பார்வை. காலையில் வந்த தண்ணீர் நீலமானதாகச் சரித்திரமே இல்லை.

பரிகாரம், சாந்திக் கல். கழுவிய கூழாங்கல்தான், விலை மட்டும் ரத்தினத்துக்கு. அதைத் தொட்டியில் போட்டுவிட்டு மாலையில் வந்தால் தண்ணீர் சொல்லிவைத்தாற்போல் நீலமாகும். தொட்டி நிறையப் பச்சைச் செடி இருக்க வேண்டும், பகலெல்லாம் விளக்கு எரிய வேண்டும் என்பது ஞானியின் கட்டளை. ஏன் என்று கேட்க யாருக்கு நேரம்?

ஒருநாள் எதிர்ப்புற ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை நிலையத்துக்கு வந்த ஒருவர் வரிசை மாறி நின்று, தன் பாட்டிலை நீட்டிவிட்டார். அவருக்குக் கெட்ட பார்வை ரொம்ப முற்றியிருந்ததாம்.

இந்த வரிசையில்தான் நம் கண்ணாடிக் கடைக்காரரும் நின்றார். மூக்குக் கண்ணாடி விற்பவர். சுவரில் அட்டையை மாட்டி, கடைசி வரியைப் படியுங்கள் என்று ஊரையே படிக்க வைப்பவர். தான் மட்டும் எதையும் படிக்க மாட்டார். கடையில் வியாபாரம் மந்தம். கடையிலிருந்த மீன் தொட்டித் தண்ணீரைக் கொண்டு வந்திருந்தார்.

மஞ்சள்!

"உங்க வீட்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. பெட்டியோட வந்திருக்கா. சரியா?" என்றார் ஞானி.

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டிய கணவனோடு ஒத்துவராமல் அவருடைய அக்கா பெட்டியோடு வந்தது தெருவுக்கே தெரியும். ஞானிக்கும் தெரு வழியாகத்தான் தெரியும்.

"கல்லைத் தொட்டியில போடுங்க. அவங்களைக் கடை வாசல் மிதிக்க விடாதீங்க. சாயங்காலம் தண்ணி சொல்லும். நீலமாச்சுன்னா பீடை அவங்கதான், இன்னிக்கே வேற இடம் பாத்து அனுப்பிடுங்க."

கடைக்குத் திரும்பியதும் தம்பி மென்று விழுங்கினார். "அக்கா... நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே..."

அக்காவுக்குப் போக வேறு இடம் இல்லை. ஆனால் அவள் அழவில்லை. மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டாள்: "தண்ணி சொன்னா நான் போயிடணும், அவ்வளவுதானே? கல்லைக் குடு, நான் பாத்துக்கறேன். நீ கண்ணாடி வாங்கப் போகணும்னியே, போயிட்டு வா."

மாலை. கூட்டத்தின் நடுவே தம்பி பாட்டிலை நீட்டினார். இரண்டு சொட்டு. பளிச்சென்று நீலம்!

"பாத்தீங்களா! கல்லு உள்ள போச்சு, பீடை வெளிய போச்சு!"

"யாரு வெளிய போனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்காதான். கைப்பையைத் திறந்து சாந்திக் கல்லை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தாள். "கல்லு காலையிலேருந்து என் பையிலதான் கிடக்கு. நான் காலையிலேருந்து தொட்டி பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். ஒண்ணுமே பண்ணல. நீலமாயிடுச்சே, எப்படிங்க?"

தம்பி வாயைப் பிளந்தார். ஞானி சுதாரித்துக்கொண்டார். "சக்தி பையைத் தாண்டியும் பாயும்மா!"

"சரி. அப்ப இத்தனை கல்லு கிடக்கிற உங்க தொட்டித் தண்ணி காலையிலயும் நீலமாத்தானே இருக்கும்?"

"அதுல என்ன சந்தேகம்? ஐயா தொட்டியாச்சே!" என்று ஒரு பக்தர் துள்ளினார். ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை.

விடிந்ததும் அதே பக்தர் முதல் ஆளாக வந்து ஞானியின் தொட்டியிலேயே பாட்டிலை முக்கினார். சொட்டும் அவரே விட்டார்.

மஞ்சள்! முந்தைய நாள் வந்ததையெல்லாம் தூக்கியடிக்கும் மஞ்சள்!

"ஐயா... உங்க வீட்டுக்குப் புதுசா யாரு வந்தா?"

"யாரும் வரலையே. நான் தனியாத்தான் இருக்கேன்."

பக்தர் தலையைச் சொறிந்தார். "அப்ப பீடை... நீங்கதானா?"

அந்த இடமே அதிரச் சிரிப்பு. கூட்டத்தில் நின்ற அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ராத்திரி விளக்கை அணைச்சா மீனும் செடியும் விடற மூச்சு தண்ணியில கரையும். தண்ணி புளிப்புப் பக்கம் சாயும், சொட்டு விட்டா மஞ்சள். பகல்ல வெளிச்சம் பட்டா செடி அதை இழுத்துக்கும், தண்ணி திரும்பிடும், சொட்டு விட்டா நீலம். இதைத்தான் பி.எச். ஏறுது, இறங்குதுங்கறாங்க. இவரோட மந்திரச் சொட்டு அடுத்த மீன் கடையில கிடைக்குது. அதோட பெட்டி அட்டையில பொடி எழுத்துல எல்லாம் போட்டிருக்கு. செடி இல்லாத தொட்டி இவருக்கு ஏன் ஆகாதுன்னு இப்பப் புரியுதா?"

கல் வாங்கியவர்கள் கல்லோடு ஞானியைச் சூழ்ந்தார்கள். பயப்படாதீர்கள், எறியவில்லை. காசைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

தம்பி கடைக்கு வந்து தலை குனிந்து நின்றார். "அக்கா, பெட்டியை எடுத்து உள்ள வெச்சுட்டேன். நீ எங்கேயும் போக வேண்டாம். புத்தி கெட்டுப்போச்சு எனக்கு."

"அந்த நாற்காலியில உக்காரு" என்றாள் அக்கா. சுவரிலிருந்த அட்டையைக் காட்டினாள். "ம், கடைசி வரியைப் படி."

தொட்டியில் மீன்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இமை இல்லை, மூட முடியாது. நமக்கு இமை இருக்கிறது, சரி. அதற்காக மூடியேதான் வைத்திருக்க வேண்டுமா?